அந்தக் குரல் வேண்டாம்

காகிதத்தில் சுற்றிய மீன் பொட்டலம் மீன்காரியின் கையிலேயே இருந்தது. வாங்கிக்கொள்ள நீட்டிய கையோடு பர்னபே நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. குடைக்கம்பியில் தொங்கிய சின்ன வானொலிப் பெட்டியை அண்ணாந்து பார்த்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, பூசையில் நிற்பவளைப் போல நின்றாள்.

"அம்மா, மீனு," என்றார்.

"யோவ், சித்த சும்மா இருய்யா. அக்கா பேசிட்டிருக்காங்க."

பர்னபேயின் காது சுட்டது. பதினாறு வருஷமாக இந்தக் கொத்தொனு நகரத்தில் அவர் வாயைத் திறந்து ஒரு ரொட்டி கேட்டால் போதும், கடைக்காரன் நிமிர்ந்து பார்ப்பான். "ஐயா, நீங்க வானொலியில சேதி வாசிக்கிற..." என்று இழுப்பான். சோதனைச் சாவடியில் போலீஸ்காரன் விளக்கை முகத்தில் அடித்தால் அவர் அடையாள அட்டையை எடுக்க மாட்டார், "வணக்கம் தோழர்" என்பார், விளக்கு அணையும். இன்றைக்கும் அதே அடிவயிற்றுக் குரலில்தான் மீன் கேட்டார். அவளுக்கு அது ஈ பறக்கிற சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

தொக்பா சந்தை முழுக்கக் கேட்டது ஒனோரினின் குரல்தான். மிளகாய்க்காரியிடம் ஒரு பெட்டி, தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒரு பெட்டி, தையல்காரன் மேசையில் ஒரு பெட்டி. கடைசியில் மீன் கைக்கு வந்து அவர் நடக்கத் தொடங்கியபோது, அந்தக் குரல் ஒரு வார்த்தை விட்டுப்போகாமல் பெட்டிக்குப் பெட்டி கூடவே வந்தது.

"இந்தப் பேராசிரியர் ஐயா முக்கால் மணி நேரமா பிரெஞ்சுல பேசினத நான் சுருக்கமாச் சொல்லிடறேன், தாய்மார்களே. வீட்டுக்காரர் வீட்லயே இருக்கட்டும், யாரும் அவரப் போகச் சொல்லல. ஆனா சாவிக்கொத்து இனிமே அவர் இடுப்புல இருக்கக் கூடாது. நடுக்கூடத்துல, எல்லாரும் பாக்கற மாதிரி ஆணியில தொங்கணும். இதத்தான் ஐயா இறையாண்மைங்கறாரு."

மிளகாய்க்காரி தொடையில் தட்டிச் சிரித்தாள். பர்னபேக்கு வயிறு எரிந்தது. அந்தப் பேராசிரியரின் பேச்சைக் காலையில் அவரும் கேட்டிருந்தார். இறையாண்மை என்பதற்கு ஊர் மொழியில் என்ன சொல்வது என்று நிலையத்தின் தாழ்வாரத்தில் நின்று யோசித்தார். ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமைதான் மாநாடு தொடங்கியிருந்தது. பதினேழு வருஷம் புரட்சியின் பேரால் ஆண்ட அரசாங்கத்தின் கஜானா வறண்டு, வாத்தியார்களும் தாதிகளும் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் தெருவில் இறங்கி, வங்கிகள் கதவைச் சாத்திய பிறகு, வேறு வழியில்லாமல் ஜனாதிபதியே எல்லாத் தரப்பையும் பேச அழைத்தார். வக்கீல்கள், பாதிரியார்கள், இமாம்கள், சங்கத் தலைவர்கள், நாட்டைவிட்டுப் போய்த் திரும்பியவர்கள், பட்டாளத்துக்காரர்கள் என்று ஐந்நூறு பேருக்குப் பக்கமாகக் கடற்கரை ஓட்டலின் மண்டபத்தில் கூடியிருந்தார்கள். அங்கே பேசுவது ஒன்றுவிடாமல் வானொலியில் நேரடியாகப் போக வேண்டும் என்பது ஏற்பாட்டுக் கமிட்டியின் முதல் நிபந்தனை. அடுத்த நிபந்தனையை நிலைய இயக்குநர் பர்னபேயைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன்ன வேணாங்கறாங்க, பர்னபே."

"யாரு?"

"கமிட்டி. 'அந்தக் குரல் வேண்டாம்'னு எழுதியே குடுத்துட்டாங்க. தப்பா எடுத்துக்காத. உன் குரலக் கேட்டா ஜனங்களுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருதாம்."

"எழுதிக் குடுத்தத வாசிச்சேன். நானா எழுதினேன்?"

"அதையும் சொன்னேன். சிரிக்கறாங்க."

பழசு என்றால் பட்டியல்கள். வேலைநீக்கம் செய்யப்பட்ட மக்கள் விரோதிகள், சிறைப்பட்ட மாணவர்கள், கட்சி மாநாட்டுத் தீர்மானங்கள். ஒவ்வொரு பெயருக்கும் சரியான இடத்தில் மூச்சு விட்டு, ஒரு அட்சரம் பிசகாமல் வாசித்தவர் பர்னபே. பல வருஷத்துக்கு முன்னால், ஆட்சியைக் கவிழ்க்கக் கூலிப்படை விமான நிலையத்தில் வந்திறங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை, வெளியே குண்டுச் சத்தம் கேட்க எட்டு மணி நேரம் மைக்கைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அதை யாருக்கும் ஞாபகம் வரக் காணோம்.

அவருடைய நாற்காலியில் அவர்கள் உட்கார்த்தியது யாரை? பன்னிரண்டு வருஷமாகக் கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, ஊர் மொழியில் மரண அறிவித்தல் படித்துக்கொண்டிருந்த ஒனோரினை. இன்ன ஊர் இன்னார் காலமானார், அடக்கம் சனிக்கிழமை, உறவினர்கள் நீல அச்சுத் துணி உடுத்தி வரவும். நடுவில் காணாமல் போன ஆடு, பள்ளிச் சேர்க்கை. அந்தப் பகுதிக்குச் "சாவு ஒலிபரப்பு" என்று பெயர் வைத்ததே பர்னபேதான். நிலையம் முழுக்க அந்தப் பெயர் பிடித்துக்கொண்டது. ஒனோரினும் சிரித்தாள். "சாவு இல்லாத வீடு ஏதுண்ணே, என்னக் கேக்காத வீடும் இல்ல," என்றாள். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மாநாட்டில் பிரெஞ்சுப் பேச்சு அப்படியே போகும். இடைவேளைகளிலும் சாயங்காலமும் மண்டபத்திலிருந்தபடியே ஒனோரின் அதை ஊர் மொழியில் சொல்வாள். பர்னபேக்கு நிலையத்தில் ஒரு வேலை மிச்சம் வைத்திருந்தார்கள். "நேரம், பகல் பன்னிரண்டு மணி" என்று சொல்வது.

வீட்டில் மீனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, ஊர் மொழியில், "தாய்மார்களே" என்று ஆரம்பித்தார். தாய்ப்பாலோடு வந்த மொழி. ஆனால் வார்த்தைகள் வரிசையில் நிற்கிற சிப்பாய்களைப் போல விறைத்துக்கொண்டு வந்தன. சாவிக்கொத்து என்று சொல்லிப் பார்த்தார். தேசியச் சாவிக்கொத்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் என்று தொடர்ந்துவிடும் போலிருந்தது. மறுபடி முயன்றார். மூன்றாவது தடவை கதவு திறந்தது.

"யார்கிட்டப் பேசறீங்க?" என்றாள் அவர் மனைவி பிலோமென். அவள் தொக்பாவில் அச்சுத் துணி விற்பவள். தலையில் தூக்கிப் போகிற தட்டு அப்போதும் இடுப்பில் இருந்தது.

"யாருமில்ல. நீயும் அந்த ஒனோரினக் கேக்கறியா?"

"கேக்காதவ யாரு? இன்னிக்குச் சாவிக்கொத்துன்னு சொன்னாளே, பக்கத்துக் கடைக்காரி சிரிச்சு சிரிச்சு மூக்குல கஞ்சி ஏறிடுச்சு."

"நான் வாசிக்கிறப்போ கேப்பியா?"

பிலோமென் யோசித்தாள். பொய் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறவள் இல்லை அவள், உண்மையாகவே யோசித்தாள். "உங்க குரல் நல்லாத்தாங்க இருக்கும். மழை பெய்யற மாதிரி. ஆனா மழை என்ன சொல்லுதுன்னு யாரு கேப்பா?"

வெள்ளிக்கிழமைக்குள் நிலையத்து வரவேற்பறைக்குள் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. சந்தைப் பெண்கள் ஒனோரினுக்குச் சேனைக்கிழங்கு அனுப்பினார்கள், ஆரஞ்சுக் கூடை அனுப்பினார்கள், பாமாயில் அனுப்பினார்கள். வரவேற்பு மேசைக் காலில் ஒரு சேவலைக் கட்டிவைத்திருந்தார்கள். அது பர்னபே கடந்து போகும்போதெல்லாம் எட்டிக் கொத்தப் பார்த்தது. பதினாறு வருஷத்தில் அவருக்கு வந்த ஒரே பரிசு, மந்திரி அலுவலகத்திலிருந்து புதுவருஷத்துக்கு வந்த ஒயின் புட்டி. அதையும் தவறுதலாக அனுப்பிவிட்டதாகச் சொல்லித் திரும்ப வாங்கிப் போனார்கள்.

அவளிடம் அவர் குற்றம் தேடினார். பிரெஞ்சுப் பெயர்களைத் தப்பாக உச்சரிக்கிறாள். மூச்சு மைக்கில் விழுகிறது. ஒரு தடவை தும்மினாள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சளிக்கு என்ன கஷாயம் என்று வேறு சொன்னாள். எல்லாவற்றையும் இயக்குநருக்கு ஒரு குறிப்பாக எழுதினார். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, நாலு நாளில் அவள் பேசியதில் ஒரு வரி விடாமல் தான் கேட்டிருப்பது தெரிந்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் வாக்கெடுப்பு. மாநாடு எடுக்கிற முடிவு ஜனாதிபதியையும் கட்டுப்படுத்துமா, அல்லது இதெல்லாம் வெறும் பேச்சோடு போகுமா என்று கை தூக்கி முடிவு செய்யப்போகிறார்கள். பட்டாளம் சும்மா இருக்காது என்று ஊரில் பேச்சு. பாலைவனப் புழுதிக்காற்று ஊரை மூடியிருந்தது. சூரியன் பழைய தட்டு மாதிரி மேலே தெரிந்தது.

நிலையத்துக் காவலுக்குப் போட்டிருந்த கேப்டன் இத்ரிசு பதினொரு மணிக்குக் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் கொஜோவைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினார். பிறகு, பன்னிரண்டு மணி சொல்லக் காத்திருந்த பர்னபே பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஓட்டல்லருந்து வர்ற கம்பி ரொம்பப் பழசாமே, தோழர்?"

"நல்லாத்தான் இருக்கு, கேப்டன்."

"பழசுங்கறேன். பழசு எப்ப வேணா கைவிடும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது." கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "வாக்கெடுப்பு ஆரம்பிச்சதும் அது கைவிடும். நீ அணிவகுப்பு இசை போடு. நான் கை காட்டினதும் மைக்குல வந்து, ஒலிபரப்பு நிறுத்தப்பட்டிருக்கு, பொதுமக்கள் அமைதி காக்கணும்னு சொல்லு. உன் குரல் வேணும்யா. வேற எவன் சொன்னாலும் ஜனங்க அடங்க மாட்டாங்க."

உன் குரல் வேணும். பர்னபே அந்த மூன்று வார்த்தைகளுக்குப் பிறகு கேப்டன் சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லை. யாருடைய உத்தரவு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம் என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயமும் இருந்தது. ஆனால் முன்னால் வந்து நின்றது அது இல்லை.

மண்டபத்தில் கைகளை எண்ணத் தொடங்கினார்கள். ஒனோரின் மைக்கைப் பிடித்து, "எண்றாங்க, தாய்மார்களே, மூச்சு விடாம இருங்க," என்றாள். பர்னபே ஓட்டல் கம்பிக்கான குமிழைக் கீழே இறக்கினார். நாடு முழுக்க எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் ஊமையாயின. அவர் இசைத்தட்டின் மேல் ஊசியை வைத்தார். எக்காளமும் முரசும் கிளம்பின. கேப்டன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, தொலைபேசியில் யாரையோ பிடிக்க வாசல் அறைக்குப் போனார்.

பர்னபே காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றவில்லை. கம்பி அறுந்திருக்கவில்லையே. மண்டபத்திலிருந்து வருவது அவர் மேசைவரைக்கும் வந்து, அவர் காதோடு நின்றது. தன் பேச்சு வெளியே போகவில்லை என்று தெரியாமல் ஒனோரின் பேசிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் இந்த உலகத்தில் அவளைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"எண்ணி முடிச்சாச்சு. தூக்காத கைகள எண்றது சுலபமா இருந்துச்சு, அவ்வளவு கொஞ்சம். ஜெயிச்சாச்சு, தாய்மார்களே. சாவி ஆணிக்கு வந்துடுச்சு. யாரும் சுடல. யாரும் ஓடல. மூணாவது வரிசையில ஒரு பெரியவர் கண்ணாடியக் கழட்டித் தொடைக்கறாரு, தொடைச்சு முடியல அவருக்கு. பக்கத்துல உக்காந்திருக்க கர்னல் தன் கைக்குட்டைய எடுத்துக் குடுக்கறாரு. பொய் சொல்லல, கண்ணால பாக்கறேன்." அவள் குரல் உடைந்தது. மறுபடி சேர்ந்தது. "எனக்கு ஒரு தொழில்தான் தெரியும், அதையே செய்யறேன். மரண அறிவித்தல். நம்ம ஒவ்வொரு வீட்லயும் பதினேழு வருஷமா தின்னு கொழுத்துக் கிடந்த பயம் இன்னிக்குப் பகல் காலமாயிடுச்சு. அடக்கம் உடனே. நீலம் உடுத்த வேணாம், அழ ஆள் வேணாம். மறுபடி எந்திரிச்சு வராம இருக்க மேல ஒரு பெரிய கல்லா வைங்க. இதச் சொல்லத்தான் பன்னெண்டு வருஷம் கழிப்பற பக்கத்துல உக்காந்து பழகியிருக்கேன் போல."

பர்னபேயின் கண் நனைந்தது. அதே நொடியில், எச்சில் விழுங்குகிற நேரத்துக்குள், இதை இவள் சொல்லிவிட்டாளே என்ற எரிச்சல் தொண்டைவரை ஏறியது. வாழ்நாளில் ஒரு தடவை வருகிற சேதி. பதினாறு வருஷம் குப்பையை வாசித்தவருக்கு இது இல்லை, இவளுக்கா? இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்டது அவர் மட்டும். நாடு காத்துக்கொண்டிருக்கிறது. குமிழை ஏற்றினால் அவள் சொல்வாள். ஏற்றாவிட்டால்?

ஊசியைத் தூக்கினார். மைக்கைத் திறந்தார். கேப்டன் கை காட்டவில்லை, காட்டும்வரை பர்னபே காத்திருக்கவும் இல்லை. தன் அடிவயிற்றிலிருந்து, முழுக் கம்பீரத்தோடு, நாட்டின் மகத்தான செய்தியைச் சொல்லத் தொடங்கினார்.

"தோழர்களே, தோழியர்களே..."

பதினாறு வருஷப் பழக்கம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த வாக்கியத்தில் மாநாடு வென்றது என்பதைத் தெளிவாக, பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னார். அதைக் கேட்க யாரும் நிற்கவில்லை. திடீரென்று வானொலி நின்று, அணிவகுப்பு இசை வந்து, இந்தக் குரல் "தோழர்களே" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

முதலில் அவருக்குக் கேட்டது தூரத்தில் தகரக் கதவுகள் விழுகிற சத்தம். வரிசையாக, கடைக்குக் கடை. பிறகு ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஆட்கள் ஓடினார்கள். ஒருத்தி குழந்தையைப் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு ஓடினாள். கேப்டன் முகம் வெளிறி உள்ளே ஓடிவந்தார்.

"யோவ், உன்ன யாருய்யா சேதி சொல்லச் சொன்னது?"

"ஜெயிச்சிட்டாங்க, கேப்டன்."

"அதச் சொல்லவா உன்ன உக்கார வச்சேன்?"

தொலைபேசி அடித்தது. மண்டபத்திலிருந்து இயக்குநர். அவர் கத்தியது அறை முழுக்கக் கேட்டது: "குமிழ ஏத்துடா! ஊரே ஓடுது, குமிழ ஏத்து!" பர்னபே ஏற்றினார். கேப்டன் தடுக்கவில்லை. கர்னல் கைக்குட்டை கொடுத்தார் என்பதை அவரிடம் சொல்லலாமா என்று பர்னபேக்கு ஒரு நொடி தோன்றியது. அதற்குள் கேப்டன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். அவரை ஏவியது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

"ஓடாதீங்க," என்றாள் ஒனோரின், மூச்சு வாங்க. "எல்லாரும் நின்ன எடத்துல நில்லுங்க. நான்தான், சாவு ஒலிபரப்பு ஒனோரின். உயிரோடதான் இருக்கேன். இப்பப் பேசினது நம்ம பர்னபே அண்ணன். அவர் சொன்னது நெசம். நாம ஜெயிச்சிட்டோம். அண்ணனுக்குப் பழைய வாய், அவ்வளவுதான். கீழ விழுந்தவங்களத் தூக்கி விடுங்க. அவங்கவங்க கூடைய அவங்கவங்ககிட்டக் குடுங்க."

அந்தப் பேச்சை அவள் திரும்பச் சொல்லவில்லை. ஓடுகிறவர்களை நிறுத்துகிற அவசரத்தில் அதற்கு எங்கே நேரம்?

மாலையில் பிலோமென் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். தட்டைக் காணோம். தொக்பாவில் நாலைந்து பேருக்கு எலும்பு முறிவு, யாரும் சாகவில்லை என்றாள். முழங்காலில் சிராய்த்த இடத்தைக் கழுவிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"பதினெட்டு வருஷக் கல்யாணம். உங்க குரலக் கேட்டு நான் எந்திரிச்சு ஓடினது இன்னிக்குத்தான்."

"நல்ல சேதிதான் சொன்னேன், பிலோமென்."

"தோழர்களேன்னீங்க. அப்புறம் என்ன சொன்னீங்கன்னு நின்னு கேக்க எவளுக்குங்க தைரியம்?"

வேடிக்கை என்னவென்றால் மறுநாள் அவரை யாரும் திட்டவில்லை. கம்பி பழுதாகி ஒலிபரப்பு நின்ற நேரத்தில், பக்கத்தில் துப்பாக்கியோடு பட்டாளத்துக்காரன் இருந்தும் துணிந்து முடிவைச் சொன்னவர் என்று பேச்சு பரவியிருந்தது. கமிட்டி வக்கீல் நேரில் வந்து கை குலுக்கினார். "பெரிய காரியம் பண்ணிட்டீங்க ஐயா. அடுத்தவாட்டி அந்தத் தோழர மட்டும் வீட்ல விட்டுட்டு வந்துடுங்க," என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பர்னபேயும் சிரித்தார். தெருவில் வாடகை பைக் ஓட்டுகிறவர்கள் அவரைக் கண்டதும் மார்பை நிமிர்த்தி, "தோழர்களே!" என்று அடித்தொண்டையில் கத்திவிட்டுத் தலையைக் குனிந்து ஓடுவதுபோல நடித்தார்கள். மறுபடியும் ஊருக்கே அவர் குரல் தெரிந்தது.

புதன்கிழமை மாநாடு முடிந்தது. ஜனாதிபதி முடிவுகளை ஏற்றுக்கொண்டார். புதுச் சட்டம், புதுத் தேர்தல், ஒரு வருஷத்துக்குள். அன்று மத்தியானமே இயக்குநர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். அடுத்த வாரத்திலிருந்து மாலைச் செய்தி முதலில் ஊர் மொழியில், வாசிப்பவர் ஒனோரின் சோசா. பிறகு பிரெஞ்சில், வாசிப்பவர் பர்னபே அக்லோகன். பர்னபே அந்த 'முதலில்', 'பிறகு' இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே மணல் முற்றத்தில் ஒனோரின் அவரைப் பிடித்தாள். பத்து நாளில் முகம் ஒட்டியிருந்தது. தொண்டை கட்டி, குரல் கரகரவென்றிருந்தது. நிலையத்துக்குள் சாதாரணமாக நடக்கிற பெண், வெயிலில் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கிழம, கம்பி போனப்போ... நான் பேசிட்டே இருந்தேன். ஏழெட்டு நிமிஷம் இருக்கும். வெளிய போகலன்னு அப்புறந்தான் தெரியும்."

"ம்."

"எங்கயாவது பதிவாயிருக்கா?"

"வெளிய போனாத்தான் பதிவாகும்."

"கொஜோவும் அதான் சொன்னான்." அவள் மணலைப் பார்த்தாள். "என்ன சொன்னேன்னே எனக்கு ஞாபகம் இல்லண்ணே. வாக்கு வந்த வேகத்துல என்னமோ சொன்னேன். நல்லாச் சொன்னேன்னு மட்டும் தோணிட்டே இருக்கு. அந்த மாதிரி அதுக்கு முன்னாடியும் சொல்லல, இனிமேலும் வராது. மண்டபத்துல அத்தன சத்தம், பக்கத்துல இருந்தவங்களுக்கே கேக்கல." நிமிர்ந்தாள். "நீங்க மேசையில இருந்தீங்க. உங்க காதுல விழுந்துச்சா?"

ஒரு வார்த்தை விடாமல் அவருக்குள் இருந்தது. மூன்றாவது வரிசைப் பெரியவர் இருந்தார், கைக்குட்டை இருந்தது, பெரிய கல் இருந்தது, குரல் உடைந்து சேர்ந்த இடம்கூட இருந்தது. சொன்னால் போதும். சொன்னால் அவள் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அடுத்த வாரம் மாலைச் செய்தியில் சொல்வாள், சந்தை அழும், சேவல்கள் வரும்.

"இல்லம்மா," என்றார் பர்னபே. "கருவியே செத்துப்போச்சு. ஒண்ணும் கேக்கல."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சரிண்ணே," என்று சொல்லிவிட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே ஏழெட்டு பைக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "அக்கா என் வண்டியில, அக்கா என் வண்டியில" என்று இழுத்தார்கள்.

அவள் போன பிறகு மிச்சம் நின்ற ஒரு வண்டியில் பர்னபே ஏறிக்கொண்டார். பழைய பாலத்தில் ஏறியபோது புழுதி விலகி, பல நாளுக்குப் பிறகு காயல் நீலமாகத் தெரிந்தது. எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காற்றுக்குள் அவர் வாய் திறந்தது. ஊர் மொழியில், மெதுவாக, அவள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, சொல்லத் தொடங்கினார். நம்ம ஒவ்வொரு வீட்லயும்... வார்த்தைகள் விறைத்துக்கொள்ளவில்லை. தானாக வந்தன. குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது.

பைக்காரன் பாதி திரும்பினான். "என்ன சொன்னீங்க ஐயா? காத்துல சரியாக் கேக்கல."

"ஒண்ணுமில்ல. ரோட்டப் பாத்து ஓட்டு."

கீழே காயலில், மாவு மூட்டைகளைச் சேர்த்துத் தைத்த பாயோடு ஒரு தோணி பாலத்தைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. நின்றபடி துடுப்புப் போட்ட ஆள் காற்றின் போக்கைப் பார்த்துக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தான். பாய் ஒருகணம் துவண்டு, படபடத்து, பிறகு மறுபக்கம் புடைத்துக்கொண்டது.